ரப்பர் புஷ்ஷும் மிச்ச நாலு நிமிஷமும்

கழற்றியது எத்தனையோ, மாட்டியதும் அத்தனை என்றால் வேலை சரி. ஓய்வு பெற்ற பிறகும் கொஞ்ச காலம் நான் இப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்தவனுக்கு வேறு என்ன நம்பிக்கை வரும்? காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெரட்டு எடுப்பார்கள். அந்த எண்ணிக்கை மாலைக் கணக்கோடு ஒத்துப்போனால் எனக்கு நல்ல தூக்கம்.

ஓய்வுக்குப் பிறகு எண்ணுவதற்கு மிஞ்சியது ஒரு பழைய கார். ராகலைக்கு மேலே எங்கள் தோட்டத்து ரோட்டில் போகும்போது அதன் முன்பக்கம் ‘டொக், டொக்’ என்றது. (ஒவ்வொரு டொக்கையும் எண்ணினேன். ஏன் என்று கேட்காதீர்கள்.) சக்கரத்தை வண்டியோடு பிணைக்கும் இரும்புக் கைக்கு லோவர் ஆம் என்று பெயர். அதன் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டது. என் முழங்காலும் அதே நிலைமைதான்.

சும்மா விட்டிருப்பேன். அந்த நேரம் பார்த்து என் கடைசி மகள் சுகந்திக்கு ஹட்டன் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வாத்தியார். சுகந்திக்கும் பிடித்துவிட்டது. (போட்டோவை அலட்சியமாகத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அதை எங்கே வைத்தோம் என்று மூன்று தடவை கேட்டாள்.) மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இடுப்பு வலி. அதுதான் சிக்கல். எங்கள் ரோட்டில் குலுங்கியே ஏற்கெனவே ஒரு வீட்டார் பாதியில் திரும்பிப் போயிருந்தார்கள். “ரயிலில் நானுஓயா வரைக்கும் வாங்க, அங்கேயிருந்து பூ மாதிரி கொண்டாந்து சேர்க்கிறேன்” என்று போனில் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கராஜில் விட்டால் ஒரு போல்ட்டாவது குறையும் என்பது என் பயம். நானே மாற்றுவதென்று முடிவு செய்தேன். எங்கள் பக்கம் கார் சமமாக நிற்க ஒரே இடம் பெரட்டுக்களம். கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் எல்லாம் பார்க்க, முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கிக் கட்டைகளின் மேல் நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றி, அடியில் படுத்தேன். என் மனைவி ராஜம் பலகையில் உட்கார்ந்து, தமிழ்நாட்டு மெக்கானிக் ஒருவரின் வீடியோவைப் போனில் ஓட்டினாள்.

கழற்றிய போல்ட்டுகளைப் பழைய பேப்பரில் வரிசையாக நிறுத்திப் பெரட்டு எடுத்தேன். பதினாறு. இரண்டு பக்கத்து லோவர் ஆம்களையும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போய், புதுப் புஷ்ஷை மெஷினில் அழுத்தி ஏற்றிக்கொண்டு வந்தேன். மறுபடி படுத்து, பதினாறையும் பல்லைக் கடித்து இறுக்கினேன். மாலைப் பெரட்டில் பேப்பர் காலி.

“போதும், அதை நிறுத்து” என்றேன்.

“இன்னும் நாலு நிமிஷம் இருக்குங்க. அந்த ஆளு ஏதோ சொல்ல வர்றாரு.”

“சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்லுவான். கடைசியில எல்லாரும் அதைத்தான் சொல்லுவானுக. டேட்டா முடியுது, நிறுத்து.”

நிறுத்தினாள். சக்கரங்களை மாட்டி இறக்கியபோது வண்டி மூக்கைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றது. புது ரப்பரின் தெம்பு என்றேன். இரண்டு வாரத்தில் ஆட்டுக்குட்டி போலக் கத்த ஆரம்பித்தது. புதுச் செருப்பு கடிக்கிற மாதிரிதான், பழகிவிடும் என்றேன். ராஜம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். (அதை எழுதினால் தனிக் கட்டுரையாகிவிடும்.)

பெண் பார்க்க வருவதாகச் சொன்ன சனிக்கிழமை, மாப்பிள்ளையின் அம்மாவையும் அந்த அம்மாவின் தம்பியையும் நானும் ராஜமும் நானுஓயாவில் ஏற்றிக்கொண்டோம். தார் ரோட்டில் வண்டி மரியாதையாகத்தான் வந்தது. தோட்டத்து ரோட்டுக்குத் திரும்பியதும் ஒரு பள்ளத்தில் ‘பட்’ என்றது. ஸ்டியரிங் இடப்பக்கம் இழுத்தது. நான் வலப்பக்கம் இழுத்தேன். வண்டி என்னைக் கேட்கவில்லை. ரோட்டோர வடிகானில் ஒரு சக்கரத்தை இறக்கிவிட்டு, தேயிலைச் செடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

பின்சீட்டில் அந்த அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். சம்பந்தம் போச்சு என்று நினைத்தேன். எங்கள் ரோட்டில் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு வளைவில். வண்டி அங்கேயா நிற்க வேண்டும்? அவர் பக்கத்தில் இருந்த ராஜம் போனை எடுத்து, நிறுத்திய இடத்திலிருந்து வீடியோவை ஓட்டினாள்.

மெக்கானிக் நிதானமாகச் சொன்னார்: “இதுதான் ரொம்ப முக்கியம். வண்டியைத் தூக்கி வச்சுக்கிட்டு புஷ் போல்ட்டை இறுக்காதீங்க. கீழ இறக்கி, சக்கரம் வெயிட்டைத் தாங்கி நின்ன பிறகுதான் இறுக்கணும். இல்லேன்னா ரப்பர் முறுக்கிக்கிட்டே இருந்து கிழிஞ்சிடும்.” அதன் பிறகு சப்ஸ்கிரைப் பண்ணச் சொன்னார்.

“பார்த்தியா, அதையும் சொன்னான்ல” என்றேன்.

அந்த அம்மா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்தால் இடுப்பு வலித்தது. வலித்தது என்று இன்னும் சிரித்தார். அவர் தம்பி சிரிக்கவில்லை. பின்னால் வந்த கொழுந்து லொறியைக் கைகாட்டி நிறுத்தினார். பெண்கள் முன்சீட்டில் ஏறிக்கொண்டார்கள். நானும் அவரும் கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவில் முகம் பார்க்காமல் உட்கார்ந்து, என் மகளைப் பெண் பார்க்க என் வீட்டுக்கே போனோம்.

தேத்தண்ணி குடித்து முடித்ததும் அந்த அம்மா ராஜத்தின் கையைப் பிடித்தார். “இந்த மனுசன வச்சுக்கிட்டு இத்தன வருசம் ஓட்டியிருக்கீங்க. நீங்க வளர்த்த பொண்ணு எம் மகனையும் சமாளிச்சிருவா. நாள் பாருங்க அக்கா” என்றார். நான் எதிரில்தான் இருந்தேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நான் வீடியோவைப் பாதியில் நிறுத்தச் சொன்ன கதையை ராஜம் அதற்குள் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து நான் எதையாவது பாதியில் விட்டு எழுந்தால், பூசையானாலும் டாக்டர் பேச்சானாலும், யாராவது ஒருவர் “இன்னும் நாலு நிமிஷம் இருக்குங்க” என்கிறார்கள். போனை வைக்கப் போனால் சம்பந்தியம்மா சொல்கிறார். பேச்சே சரியாக வராத பேரன், போன வாரம் சோற்றுத் தட்டிலிருந்து எழுந்த என்னிடம் அதையே சொன்னான்.

அது நாலு நிமிஷமே இல்லை. மூன்று நிமிஷம் நாற்பது வினாடி. எண்ணிப் பார்த்துவிட்டேன். சொன்னால் யார் கேட்கிறார்கள்?