அரை லிட்டர் பாலும் ஒரு வாடகை வீடும்

வாடகைக்கு விடலாமென்று வீடு வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். நான் கோபமாக இருக்கிறேன். ஆனாலும் நிதானமாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனி மாதக் கடைசியில் வீடு வாங்காதீர்கள். 1991-இல் நான் வாங்கினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரடியிலிருந்து நாலு தெரு தள்ளி. இரண்டு அறை, ஓர் அடுப்படி, கொல்லையில் தனிக் கிணறு. விலை மலிவு. விற்றவர் ஏன் அப்படிப் பறந்தார் என்று நான் யோசிக்கவில்லை. ஆடி பிறந்துவிட்டால் எவரும் புது வீட்டுக்குக் குடி போக மாட்டார்கள். ஒரு மாதம் வீடு சும்மா கிடக்கும். பஞ்சாலையில் நாற்பது பேரை மேய்க்கிற மேஸ்திரி எனக்கு இது தோன்றவில்லை.

நாங்கள் குடியிருந்தது ராஜபாளையத்தில், சோலைராஜ் வீட்டுப் பின்கட்டில். வாடகைக்கு, பதினோரு வருஷமாக. புது வீட்டுக் கிணற்றைப் பார்த்ததும் என் மனைவி செல்லக்கனி ஆரம்பித்துவிட்டாள்.

"நாமளே இங்க வந்திருவோம்."

"ஏட்டி, இது வாடகைக்கு விட வாங்குனது. முதல் போட்டவனே உள்ள படுத்துக்கிட்டா முதல் எப்படி வளரும்?"

"அங்க ஒரு குடம் தண்ணி பிடிக்க வீட்டுக்காரம்மா மொகத்தப் பாத்துக்கிட்டு நிக்கேன். பதினோரு வருஷமா அந்தக் காத்திருப்புத்தான் வளருது."

"முடியாதுன்னா முடியாது."

"சரி, விடுங்க. ஆனி முடியதுக்குள்ள பால் மட்டும் காய்ச்சிட்டு வந்திருவோம். வெறும் வீடாப் பூட்டிப் போடக்கூடாது."

அரை லிட்டர் பால்தானே என்று சம்மதித்தேன். காய்ச்சினாள். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தாள். சீனி தூக்கலாக இருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஆடி பிறந்தது. தரகர் தனுஷ்கோடி தினமும் வெறுங்கையை வீசிக்கொண்டு வந்தார்.

"ஆடியில எவன்யா குடி வருவான்?" என்றார்.

"ஆடி பாக்காத ஆளாப் பாத்துக் கூட்டிட்டு வாரும்" என்று சீறினேன்.

மூன்றாம் நாள் கூட்டிவந்துவிட்டார். ஞானபாக்கியம் டீச்சர். வேதக்காரர், ஞாயிறானால் சர்ச்சுக்குப் போகிறவர். அவருக்கு ஆடியும் ஒன்றுதான், ஆவணியும் ஒன்றுதான். ராஜபாளையத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தவர். ராஜபாளையத்தில் ஒரு வீடும் காலியில்லை. ஆடியில் யாரும் குடி போகாவிட்டால் யாரும் காலியும் செய்ய மாட்டார்கள் அல்லவா? அதனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கி, பஸ்ஸில் போய்வரத் தயாராக இருந்தார்.

"பாத்தியாட்டி, இதுக்குப் பேருதான் மூளை" என்றேன்.

"உங்களுக்கு இல்லாத மூளையா?" என்றாள் செல்லக்கனி. "டீச்சருக்கு நானே வீட்டக் காட்டிட்டு வாரேன். நீங்க ஷிப்டுக்குப் போங்க."

சாவியைக் கொடுத்தேன். வீட்டில் முதல் போடுகிறவர்களே, சாவியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு ஷிப்ட் விட்டு வந்தேன். பின்கட்டில் என் கட்டிலைக் காணோம். பீரோவைக் காணோம். செல்லக்கனியைக் காணோம். ஞானபாக்கியம் டீச்சர் ஸ்டூலில் ஏறி நின்று காலண்டர் மாட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இது நான் குடியிருக்கிற வீடு."

"இல்ல சார். மத்தியானத்துல இருந்து நான் குடியிருக்கிற வீடு."

"நான் காட்டச் சொன்னது ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்ட."

"அக்காதான் யோசன சொன்னாங்க. பள்ளிக்கூடம் ரெண்டு தெரு தள்ளி இருக்கு, நீங்க எதுக்குத் தெனமும் பஸ்ஸுல தொங்கணும்னு. வீட்டுக்காரரும் சரின்னுட்டாரு."

முன்கட்டுக்கு ஓடினேன். சோலைராஜ் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"ரண்டி, ரண்டி" என்று தெலுங்கில் வரவேற்றார்.

"ஆடி மாசத்துல வீட்டக் காலி பண்ணலாமாய்யா? குடி போகலாமா? ஊர்ல கேட்டா சிரிக்க மாட்டானா?"

"என்ன ஐயாதுரை, வெவரம் தெரியாமப் பேசுதீரு. ஆனியிலயே அங்க பால் காய்ச்சியாச்சுல்ல? அன்னைக்கே நீரு குடி போயாச்சு. சட்டி பானை பொறவு எப்ப வேணாலும் போலாம். உம்ம வீட்டம்மா வந்து தெளிவாச் சொல்லிட்டாவ."

குடித்த பால் நெஞ்சுவரை ஏறி வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைப் பிடித்தேன். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. அவ்வளவு கோபம். என்னென்ன கேட்க வேண்டுமென்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். யாரைக் கேட்டுச் சாமான் ஏற்றினாய்? முதல் போட்டவன் யார்? இந்த வீட்டுக்குச் சொந்தக்காரன் யார்? கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கொல்லையில் கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டது. குடம் குடமாக இறைக்கிறாள். ஓங்கித் தட்டினேன். ராட்டினம் நின்றது.

"யாரு, வீடு பாக்க வந்தவியளா?" என்றது செல்லக்கனியின் குரல். "இங்க ஆள் வந்தாச்சுங்க."