கேட்டுக்குள் போன ரேஷன் கடை

“யார் வீட்டுக்கு மேடம்?”

“வீட்டுக்கு இல்ல. ரேஷன் கடைக்கு.”

கேட்டில் நின்ற செக்யூரிட்டி பர்னபாஸ், கையிலிருந்த டேப்லெட்டைத் தடவிப் பார்த்தார். “கெஸ்ட் இருக்குது, டெலிவரி இருக்குது, வேலைக்காரம்மா இருக்குது. ரேஷன்னு இல்லியே.”

அமலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே பேத்தமங்களா ரோட்டில் இருக்கிற கடை அது. ஓர் அடிகூட நகரவில்லை. சுற்றியிருந்த நிலமெல்லாம் லேஅவுட்டாகி, ‘பெங்களூருக்கு மிக அருகில்’ என்று போர்டு வைத்து மதில் எழுப்பியபோது, கடையும் உள்ளே மாட்டிக்கொண்டது. போன இரண்டு மாதமும் அம்மா இந்தக் கேட்டோடு திரும்பி வந்துவிட்டாள். இன்று கடைசி நாள். இந்த மாதமும் வாங்காவிட்டால், அரிசி தேவைப்படாத குடும்பம் என்று கார்டை முடக்கிவிடுவார்கள். அதனால்தான் அமலா பெங்களூர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

“சரி, டெலிவரின்னு போட்டுக்குங்க.”

“பார்சல் எங்க?”

பையைத் தூக்கிக் காட்டினாள்.

“காலிப் பையோட உள்ள போயி, ரொம்பின பையோட வெளிய வர்றதுக்குப் பேரு டெலிவரி இல்ல மேடம்.” பர்னபாஸ் வேப்பமர நிழலைக் காட்டினார். “அங்க நில்லுங்க. போயிடாதீங்க.”

நிழலில் ஏற்கெனவே பையும் கையுமாக ஒரு கூட்டம். “காலைலருந்து இதே கூத்துதான்,” என்றாள் அமலாவின் அம்மா இருக்கும் லைன் வீடுகளிலேயே குடியிருக்கும் மங்கம்மா. “உள்ளயும் உடமாட்டான், போன்னும் சொல்லமாட்டான் இந்தாளு.”

அமலா அங்கேயே நின்று பையை மடித்து ஹேண்ட்பேக்கில் திணித்தாள். ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மறுபடி கேட்டுக்குப் போனாள்.

“வீடு கட்ட சைட் பாக்கணும்.”

கேட் அகலமாகத் திறந்தது. பர்னபாஸ் சல்யூட் அடித்தார். சேல்ஸ் மேனேஜர் ராகேஷ் பேட்டரி வண்டியோடு பறந்து வந்து, கையில் மாதுளை ஜூஸைக் கொடுத்தான். தலைமுறை தலைமுறையாகத் தங்கச் சுரங்கத்தில் இறங்கிய குடும்பத்தில் முதல் டிகிரி வாங்கியவளுக்கு, இந்த ஊரில் கிடைத்த முதல் மரியாதை.

“கார்னர் சைட்டா மேடம், கிழக்குப் பாத்ததா?”

“அந்த ரேஷன் கடைக்குப் பக்கத்துல எதாச்சும்?”

ராகேஷின் முகம் சுருங்கியது. “அதைச் சீக்கிரம் எடுத்துடுவாங்க மேடம். அந்த மாதிரி ஆளுங்க ஒருத்தர்கூட உள்ள வரமாட்டாங்க. அதுக்கு நாங்க கேரண்டி.”

கேரண்டி உண்மைதான். கடை வாசலில் டீலர் சௌந்தரராஜன் கைரேகை மெஷினை மடியில் வைத்துக்கொண்டு குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அமலா வண்டியிலிருந்து குதிக்கப்போன நேரம், ராகேஷின் வாக்கிடாக்கி கரகரத்தது.

“சார், பர்னபாஸ் பேசறேன். அந்தம்மா ஹேண்ட்பேக்ல ரேஷன் பை இருக்குது.”

பாதி குடித்த ஜூஸைக்கூடப் பிடுங்கிக்கொண்டு, வண்டியைத் திருப்பி, ராகேஷ் அவளைக் கேட்டுக்கு வெளியே இறக்கிவிட்டான்.

“இன்னாய்யா ஜென்மம் நீ?” அமலா பர்னபாஸின் முகத்துக்கு நேரே கத்தினாள். “உன் வூட்டு அரிசியையா கேட்டேன்?”

“சொல்ப மெதுவா பேசுங்க மேடம். சைட் வாங்கறவங்க காருங்க வர்ற நேரம். கேட்டாண்ட கலாட்டான்னா ராகேஷ் சார் பயந்துடுவாரு.”

“ஓ, பயந்துடுவாரா?”

அமலா கேட்டுக்கு நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். மங்கம்மா பையை விரித்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நிழலே காலியாகி வெயிலுக்கு வந்தது. கார்கள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. ஒரு கார்க் கண்ணாடி இறங்கி, “இங்க டெய்லி இப்டித்தானா?” என்று கேட்டதும் ராகேஷுக்கு வியர்த்துவிட்டது. போனை எடுத்தான்.

சற்று நேரத்தில் சைட் காட்டுகிற பேட்டரி வண்டியில் அரிசி மூட்டைகள் வந்தன. மூட்டைகளின் மேல் சௌந்தரராஜன், மடியில் மெஷின்.

“இன்னிக்கி மட்டுந்தான். வாங்கிக்கினு கெளம்புங்க!” என்றான் ராகேஷ்.

அமலா ஜெயித்த மிதப்போடு பெருவிரலை நீட்டினாள். அதற்குள் யூனிஃபார்ம் கை ஒன்று குறுக்கே புகுந்து மெஷினில் விரலை அழுத்தியது.

“யோவ், நீ எங்க நடுவுல?”

பர்னபாஸ் தொப்பியைக் கழற்றினார். தொப்பிக்குள் மடித்து வைத்திருந்த பையை எடுத்து உதறினார்.

“என் கார்டும் இந்தக் கடைதான் மேடம், கேட்டை உட்டு நவுந்தா வேல போயிடும். உங்கள உள்ள உட்டிருந்தா, மெஷின் எப்டி வெளிய வந்திருக்கும்?”