புள்ளிச் சித்தரின் எட்டெழுத்து மந்திரம்

ஆரணியில் அன்று தறிச் சத்தம் குறைவாக இருந்தது. தறிக்காரர்களில் பாதிப்பேர் கல்யாண மண்டபத்தில் இருந்தார்கள். புள்ளிச் சித்தர் கமலக்கண்ணன் வந்திருந்தார்.

பழைய சித்தர்கள் இரும்பைப் பொன்னாக்கினார்களாம். இவர் இணைய முகவரியின் கடைசிப் புள்ளிக்கு அப்பால் புது உலகம் படைத்தார். '.காம்' சனியின் வீடாம். ஆகவே தியானத்தில் அமர்ந்து, '.பட்டு' என்ற வாலை வானத்திலிருந்து இறக்கியிருந்தார். அதில் பெயர் வாங்கினால் சேலை தானாக விற்கும். வந்தவாசியிலிருந்தும் பெரணமல்லூரிலிருந்தும் பஸ் ஏறி வந்தார்கள். பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படித்துப் பார்த்து ஏறியவர்கள்தான். மண்டபத்துக்குள் வந்ததும் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

முறை எளிது. புதுப் பாவு நூல் ஏற்றும்போது தறிக்குச் செய்வது போல, ஃபோன்களை வாழையிலையில் வைத்துக் கற்பூரம் காட்ட வேண்டும். சித்தர் ஒவ்வொருவர் காதிலும் எட்டெழுத்து மந்திரம் ஓதுவார். அதை ஃபோனில் தட்டியதும் அவரவர் கடைப் பக்கம் திறக்கும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

"வீட்டுக்குப் போய்த் திறக்காதீர்கள். பெயர் கருவில் இருக்கிறது. ஒரு மண்டலம் பொறுங்கள்" என்றார் சித்தர். காணிக்கைக்கு மட்டும் பொறுமை தேவைப்படவில்லை.

முன்வரிசையில் குமரேசன். பக்கத்தில் அவன் மனைவி துர்கா. வெளியூர்க்காரர்கள் அவர்களிடம் சேலை வாங்குவது ஒரு '.காம்' முகவரியில்தான். அதைப் புதுப்பிக்க அன்றே கடைசி நாள். பழையதைக் கைவிட்டால்தான் புதியது பிழைக்கும் என்று சித்தர் சொல்லியிருந்தார்.

"இன்னாங்க, அது போச்சுன்னா வேற எவனாவது எடுத்துப்பான். அப்புறம் நம்மள எங்க வந்து தேடுவாங்க?"

"பேஜார் பண்ணாதடி. கண்ணெதிர தொறந்துச்சா இல்லியா?"

"தொறந்துச்சு. இந்த மண்டபத்துல தொறந்துச்சு."

துர்கா எழுந்தாள். வந்தவாசியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் தோழி ஜாய்ஸுக்குப் புது '.பட்டு' முகவரியை அனுப்பிவிட்டு, அவளை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஜாய்சு, நான் அனுப்பின அட்ரஸ் தொறக்குதா?"

"எங்கடி தொறக்குது? அப்டி ஒண்ணு இல்லவே இல்லன்னு சொல்லிகினே இருக்குது."

சித்தர் புன்னகைத்தார். "அவள் மந்திரம் பெறாதவள்."

"மந்திரமே உங்களுதுதான சாமி? உங்க ஃபோன்ல இந்த மண்டபத்து வைஃபையை ஆஃப் பண்ணிட்டு, சிம் நெட்டுல தொறந்து காட்டுங்க."

சித்தர் தம் ஃபோனை இடுப்பில் செருகி மறைத்தார். மறைப்பது சித்தர்களுக்கு அழகு. ஆனால் இது வேறு ஜாதி மறைப்பு, வியர்த்தது.

குமரேசன் தன் ஃபோனில் வைஃபையை அணைத்தான். '.பட்டு' செத்தது. பழைய '.காம்' வழக்கம்போலத் திறந்தது. வைஃபையைப் போட்டான். '.பட்டு' உயிர்த்தெழுந்தது. மந்திரம் என்பது வைஃபையின் பாஸ்வேர்டு. துர்கா மேடைத் திரையை விலக்கினாள். பின்னால் ஒரு கம்ப்யூட்டர், மண்டபத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் பொய் வழி காட்டிக்கொண்டிருந்தது.

"அப்போ வானத்துலேந்து எறங்கலியா?" என்று கேட்டாள் புஷ்பலதா என்ற சேலை வியாபாரி.

"எறங்குச்சுக்கா. ஸ்க்ரீனுக்குப் பின்னாடி வரைக்கும்" என்றாள் துர்கா.

ஸ்பீக்கரில் ஜாய்ஸ் விடவில்லை. "புள்ளிக்கு அப்பால வர்றத கண்ண மூடிகினு உண்டாக்க முடியாதுங்க. ஐகேன்னு ஒரு அமைப்பு இருக்குது. அவங்க கூப்பிடறப்போதான் மனு போடணும். கோடிக்கணக்குல கட்டணம். ஆளப் பத்தி விசாரிப்பாங்க, யாருக்காவது ஆட்சேபணை இருந்தா அதையும் கேப்பாங்க. எல்லாம் தாண்டினாதான் உலகப் பட்டியல்ல ஏறும். அத யாரு வேணா பாக்கலாம். தமிழ்ல '.இந்தியா' இருக்குது, '.இலங்கை' இருக்குது, '.சிங்கப்பூர்' இருக்குது. '.பட்டு' எங்க? உங்க சாமியையே தேடச் சொல்லுங்க."

சாமி தேடியது பின்வாசலை. அங்கே ஏற்கெனவே கூட்டம் நின்றது, காணிக்கையைத் திரும்பக் கேட்டு.

"ஜல்தி கட்டுங்க" என்றாள் துர்கா. குமரேசன் தலைநிமிராமல் பழைய முகவரியைப் புதுப்பித்தான்.

உரசிப் பார்க்காமல் ஒரு கண்டு ஜரிகை வாங்காத ஊர் இது. ஜரிகை கோபித்துக்கொண்டதாகத் தகவல் இல்லை. சாமியார்களையும் அப்படியே உரசிப் பாருங்கள். கோபித்துக்கொள்பவர் எவரோ, அவர் போலி.