பெர்னார்டுக்கு ஒவ்வாத அறை

இம்முறை மைத்துனன் பெர்னார்டைத் தம் அறையில் கால்வைக்க விடுவதில்லை என்று ஓஸ்வால்ட் உறுதி பூண்டார். சென்ற முறை கோலார் தங்கவயலிலிருந்து கிறிஸ்துமஸ் கேக் உண்ண வந்தவன், ஈஸ்டர் வரை அவர் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்றவருக்கு, ஆஸ்டின் டவுன் வீட்டில் தமக்கென்று இருந்தது அந்த ஓர் அறைதான். அதில் புதிதாகச் செய்துவைத்த பிளைவுட் அலமாரியே இப்போது அவருக்கு ஆயுதமாயிற்று.

"டோரீன், உன் தம்பிக்கு ஏற்கெனவே வீசிங். புது அலமாரி இருக்கற அந்த ரூம்ல அவன் படுக்கவே கூடாது."

"ஏன், அலமாரி கடிக்குமா?"

"பிளைவுட் பசையிலேருந்து ஃபார்மால்டிஹைடு வருது. விஷ வாயு! கண் எரியும், மூச்சு இழுக்கும். நானே இன்னிலேருந்து ஹால்லதான் படுக்கப்போறேன்."

பொய்யில்லை, சற்றே ஊதிப் பெரிதாக்கிய மெய். மனைவியின் முகம் வாடியது.

"பாவம், ஆசையா பெட்டி கட்டி வெச்சிருக்கான். அந்த வாயுவை ஒழிக்க வழியே இல்லையாங்க? அத்தனை வருஷம் லேப்ல இருந்த உங்களுக்கே தெரியலைன்னா..."

'இல்லை' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால், கேட்ட கேள்விக்கு அரைகுறையாக விடை சொல்லி அவருக்குப் பழக்கமில்லை.

"யார் சொன்னது தெரியாதுன்னு? பிளாட்டினம், மாங்கனீஸ் மாதிரி உலோக வினையூக்கி பூசின வலை இருக்கு. ஃபேன் வெச்சு காத்தை அது வழியா இழுத்தா, சூடுகூடப் பண்ண வேணாம், அந்த வாயு கரியமில வாயுவாவும் தண்ணியாவும் மாறிடும். உலோகம் அப்படியே இருக்கும்!"

"அட! யாருங்க செய்றாங்க அதை?"

"நம்ம பிரகாஷ்! என் லேப்ல படிச்சவன். பீன்யாவுல ஃபேக்டரி வெச்சிருக்கான்."

பெருமிதத்தில் தொலைபேசி எண்ணையும் ஒப்பித்தார். மனைவியின் கையில் தாளும் பென்சிலும் முன்பே தயாராக இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள் பிரகாஷ் தானே இயந்திரத்தோடு வந்து நின்றான். "சாருக்கு இல்லாததா!" இரண்டே நாளில் அதன் அளவுமானி சிவப்பிலிருந்து பச்சைக்கு வந்தது. ஞாயிறன்று பெர்னார்டும் வந்தான்.

ஒரு மாதமாயிற்று. ஹால் சோபாவில் காலை மடக்கிக் கிடந்து தம் நாவையே நொந்துகொண்டிருந்தவரிடம் டோரீன் காபியை நீட்டினார்.

"தம்பிக்கு வீசிங் சுத்தமா நின்னுடுச்சுங்க. எல்லாம் மாமா தயவுன்னு ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்றான்."

"சந்தோஷம். எப்ப கிளம்பறானாம்?"

"கிளம்பறதா? இந்தக் காத்து தங்கவயல்ல ஏதுங்க? அங்க வீட்டை வாடகைக்கு விட்டுட்டான்."