கோளைத் தள்ளிவைத்தவர்

கேள்வியோடு கிளம்பி விடையோடு திரும்புகிறவர்கள் ஒரு வகை. விடையோடு கிளம்பி, போகிற வழியில் ஒரு கேள்வியைப் பிடித்து அதன் பக்கத்தில் உட்கார வைக்கிறவர்கள் இன்னொரு வகை. வாசகரே, இந்த இரண்டாம் வகையைத்தான் இப்போது உங்கள் முன் நிறுத்துகிறேன். இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் முந்திமுடிவார்.

அடையாளம் கண்டுகொள்வது எளிது. "உங்க அபிப்பிராயம் என்ன?" என்று கேட்டுவிட்டு, நீங்கள் வாயைத் திறப்பதற்குள் "அதேதான் நானும் நினைச்சேன்" என்று தலையாட்டுவார். மருத்துவரிடம் போனால் நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் தாமே சொல்லிவிட்டுக் கையெழுத்தை மட்டும் கேட்பார். மாற்றிச் சொல்கிற மருத்துவருக்கு அனுபவம் போதாது. வீட்டிலும் இதே கதைதான். கூடத்துச் சுவர் ஏழடி என்று அவருக்குத் தெரியும். அதனால் ஏழடிப் புத்தக அலமாரி வந்து இறங்கியது. சுவர் ஆறரை அடியோடு நின்றுகொண்டது.

"ஏங்க, டேப் வச்சு அளந்தீங்களா?" என்றார் மனைவி.

"அளக்கணுமா? பார்த்தாலே தெரியுதே!"

"அலமாரிக்குத் தெரியலையே."

"வீட்டைக் கட்டினவன் தப்பாக் கட்டியிருக்கான்."

அலமாரி வாசல் பக்கம் நிற்கிறது. மனைவி அதில் குடைகளை மாட்டுகிறார்.

குடும்பத்தோடு போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் இவர் ஒரு வானியல் ஆய்வுக் குழுவின் தலைவர். அளப்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

எங்கோ இருக்கும் ஒரு நட்சத்திரத்தை அதன் கோள் எவ்வளவு தூரத்தில் சுற்றுகிறது என்று பார்க்க, அங்கே போய் டேப் பிடிக்க முடியாது. கோள் நட்சத்திரத்துக்குக் குறுக்கே வரும்போது வெளிச்சம் துளி மங்கும். ஒரு மங்கலுக்கும் அடுத்த மங்கலுக்கும் இடையில் ஓடும் காலம்தான் அந்தக் கோளின் ஒரு வருடம். அந்த வருடமும் நட்சத்திரத்தின் எடையும் தெரிந்தால் தூரம் கணக்கில் வந்து விழும். வருடம் நீண்டால் கோள் தள்ளியிருக்கிறது, குறைந்தால் ஒட்டியிருக்கிறது.

நம்மவர் குழு பார்த்த கோள் இருபத்தைந்து நாளுக்கு ஒருமுறை மங்கலைக் காட்டியது. அந்தச் சிறிய, மங்கலான நட்சத்திரத்துக்கு அது வெகு அருமையான தூரம்: வறுபடவும் வேண்டாம், உறையவும் வேண்டாம், தண்ணீர் தண்ணீராகவே இருக்கலாம். இருக்கலாம் என்பது கணக்கு. "கடல் இருக்கு" என்பது முந்திமுடிவார். கணக்கு முடியும் முன்பே பத்திரிகையாளர் கூட்டத்துக்கு நாள் குறித்தார், ஓவியரை வைத்து நீலக் கடல் வரைவித்தார், கரையில் ஒரு மரத்தையும் போடச் சொன்னார். ஓவியர்தான் கூச்சப்பட்டு மறுத்துவிட்டார்.

கணக்கைப் போட்டவள் ஓர் ஆராய்ச்சி மாணவி. ஆய்வை முடிக்க அவளுக்கு இன்னும் ஒரு வருட நீட்டிப்பு வேண்டும். அதற்குத் தலைவரின் கையெழுத்து வேண்டும். அப்படிப்பட்டவள் குழுக் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாமா? இருக்கவில்லை.

"சார், சரியா இருபத்தஞ்சு நாள்னு வருது. நடுவுல, பன்னிரண்டரை நாள்ல இன்னொரு மங்கல் வந்திருந்தா?"

"வந்திருந்தா பாத்திருப்போமேம்மா."

"அது நமக்குப் பட்டப்பகல் சார். பகல்ல எங்க நட்சத்திரம் தெரியுது?"

"தெரியாததை எல்லாம் கணக்குல சேர்ப்பாங்களா?"

"சேர்க்க வேணாம் சார். இல்லவே இல்லைன்னு சொல்லாம இருக்கலாமே. நம்ம பகல் வேற நாட்டுக்கு ராத்திரிதானே? அங்க உள்ளவங்களை ஒரு தடவை பார்க்கச் சொல்லுவோம்."

அவள் சொல்வது சரியாகிவிட்டால் கோளின் வருடம் பாதியாகும், தூரம் மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே இறங்கும், அதன்மேல் விழும் வெப்பம் இரண்டரை மடங்காகும். கடல் போய்விடும், காலிச் சட்டி அடுப்பில் இருக்கும். அறையில் ஒருவர் மின்விசிறியை ஆராய்ந்தார். இன்னொருவருக்குத் திடீரென்று பிஸ்கட்டில் ஆர்வம் பிறந்தது.

"படம் அச்சுக்குப் போயாச்சும்மா" என்றார் தலைவர்.

கேட்டீர்களா? கோளின் தூரத்தை ஈர்ப்பு விசை தீர்மானிக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் நம்மை ஏமாற்றிவிட்டார்கள். அச்சகம் தீர்மானிக்கிறது.

"அப்படின்னா ஆய்வுக் கட்டுரையில என் பேரை எடுத்துடுங்க சார்."

"எடுத்துட்டு? நீட்டிப்புக்கு யார்கிட்ட போய் நிப்பே?"

"தெரியல சார். தெரியாததைத் தெரியும்னு சொல்றதுக்கு என் பேர் வேணாம்."

எடுத்துவிட்டார். அந்த நட்சத்திரத்தோடு இரண்டு வருடம் குடித்தனம் நடத்தியவளின் பெயர் போயிற்று. தொலைநோக்கி அறையின் விளக்கு சுவிட்சு எந்தப் பக்கம் என்றுகூட அறியாதவரின் பெயர் முதலில் நின்றது. நீட்டிப்புத் தாளும் கையெழுத்தில்லாமல் அவர் மேசையிலேயே கிடந்தது. உழைத்தவரின் வாயைப் பிழைப்பைக் காட்டி மூடுகிற இந்த ஏற்பாட்டுக்கு நிறுவனங்களில் ஒழுங்கு என்று பெயர்.

பத்திரிகையாளர் கூட்டத்தில் கடலுக்குக் கைதட்டல் பலமாக விழுந்தது. சில வாரங்களில், நமக்குப் பகலாக இருக்கும்போது இரவாக இருக்கும் ஒரு நாட்டில், வேறொரு குழு அதே நட்சத்திரத்தைப் பார்த்தது. நட்டநடுவில், பன்னிரண்டரை நாளில், மங்கல். பத்திரிகையாளர்கள் திரும்பி வந்தார்கள். நிறுவன இயக்குநரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தலைவர் அசரவில்லை.

"எனக்கு அப்பவே சந்தேகம்தான். கணக்குப் போட்டது ஒரு மாணவி. சின்னப் பொண்ணு, அவசரப்பட்டுடுச்சு."

முன்வரிசையில் இருந்த பத்திரிகைக்காரப் பெண் கட்டுரையைப் புரட்டினார். "எந்த மாணவி சார்? இதுல அப்படி ஒரு பேரே இல்லையே?"

"அது... எடுத்துட்டோம்."

"எப்போ?"

"வெளியிடறதுக்கு முன்னாடி."

"ஏன் சார் எடுத்தீங்க?"

வாழ்க்கையில் முதல் தடவையாக, விடை கொண்டுவராத ஒரு கேள்வியின் எதிரில் அவர் உட்கார்ந்திருந்தார்.

அதே கேள்வியை இயக்குநர் பிறகு மாணவியிடம் கேட்டார். அவள் சொன்னாள். வேறொரு பேராசிரியரின் கீழ் அவளுக்கு நீட்டிப்பு கிடைத்தது. திருத்திய கட்டுரையில் அவள் பெயர்தான் முதலில் இருக்கிறது. கோளும் தனக்கு உரிய தூரத்துக்கு வந்துசேர்ந்து நிம்மதியாக வெந்துகொண்டிருக்கிறது.

தலைவர் இடிந்துபோனார் என்று நினைக்கிறீர்களா? அளவீட்டுப் பிழைகளை ஆராயும் குழு ஒன்றுக்கு இப்போது அவர்தான் தலைவர். பிழை யாருடையது என்பது ஆராய்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருப்பதால் வேலை விரைவாக நடக்கிறதாம்.

சிரிக்கிறீர்கள். நல்லது. முந்திமுடிவாரை நான் அறிமுகப்படுத்திய மாத்திரத்தில் உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்ததே: மேலாளரோ, மைத்துனரோ, மாடி வீட்டுக்காரரோ. ஆள் இன்னார்தான் என்று முதல் பத்தியிலேயே உறுதியாகிவிட்டதல்லவா? அப்புறம் மீதியை எதற்காகப் படித்தீர்கள்?