காந்தத்துக்குள் ஓர் இரும்பு மோதிரம்

அறிவியல் வாத்தியார்களில் இரண்டு வகை உண்டு. மூடநம்பிக்கை இல்லாதவர்கள் ஒரு வகை. அதைச் சட்டைக்குள் வைத்திருப்பவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாம் வகை. இடுப்பு நரம்பு மாட்டிக்கொள்ளும் வரை இது என் மனைவிக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக இருந்தது.

ஓடைப்பட்டியில் எங்களுக்குக் கொஞ்சம் திராட்சைத் தோட்டம் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை "நானே மருந்து அடிக்கிறேன்" என்று டேங்கை முதுகில் தூக்கி வீரம் காட்டினேன். இடுப்பிலிருந்து கால் கட்டைவிரல் வரை கரண்ட் அடித்த மாதிரி ஒரு வலி. முதுகுத்தண்டின் அடியில் நரம்பு அழுந்தியிருக்கிறது என்றார் தேனி டாக்டர். எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது டிஃப்யூஷன் என்று ஒன்றையும் சேர்த்து எடுக்க வேண்டும், அழுந்திய நரம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஆபரேஷனா வேண்டாமா என்று சொல்வாராம். ஆபரேஷன் என்றதும் வலி பாதியாகக் குறைந்தது. பயம் இரண்டு மடங்கானது.

பயத்தை மறைக்க வீட்டில் பாடம் நடத்தினேன். "நரம்புக்குள்ள தண்ணி நீளவாக்குல நகரும், நம்ம வாய்க்கால் மாதிரி. அமுங்குன எடத்துல அந்த ஓட்டம் மாறும். அதைத்தான் படமா எடுக்குறாக."

"ஏழரைச் சனி நடக்குது. தண்ணி எங்கிட்டு ஓடுனா என்ன?" என்றாள் என் மனைவி கலாவதி. மறுநாளே குச்சனூர் போய், சனீஸ்வரன் சன்னதியில் வைத்துக் கும்பிட்டு, ஓர் இரும்பு மோதிரம் கொண்டுவந்தாள். விரலில் போட்டால் மாணவர்கள் சிரிப்பார்கள். அதனால் அரைஞாண் கயிற்றில் கோத்துக்கொண்டேன். (பகுத்தறிவுக்குத் தெரியாமல் சனியை ஒளித்துவைக்க இடுப்பை விட்டால் வேறு இடம் ஏது?)

ஸ்கேன் சென்டரில் மெஷினை இயக்குகிறவள் என் பழைய மாணவி முருகேஸ்வரி.

"சார், நீங்களா! உடம்புல இரும்பு கிரும்பு எதுவும் இருக்கா சார்?"

அவள் எட்டாம் வகுப்பு படித்தபோது நான் நடத்திய புரட்சி சட்டென்று ஞாபகம் வந்தது. வகுப்பில் தாயத்து கட்டியிருந்த அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தி, கத்தரிக்கோலைக் கொடுத்து, அறுத்துக் குப்பைக்கூடையில் போடவைத்தேன். அந்த வரிசையில் இவளும் இருந்தாள். இவளிடம் போய் எந்த வாயால் சொல்வது?

"ஒண்ணுமில்லம்மா. காந்தத்தப் பத்தி எனக்கே பாடமா?" என்று சொல்லிப் படிவத்தில் கம்பீரமாகக் கையெழுத்துப் போட்டேன். உடம்பைத் தடவிச் சோதிக்கும் கருவியைக் கையில் எடுத்தவள், "சாரைப் போயி..." என்று கூச்சப்பட்டுத் திரும்ப வைத்துவிட்டாள். (மரியாதை எவ்வளவு ஆபத்தானது பாருங்கள்.)

பலகை குகைக்குள் நகர்ந்தது. யாரோ என் அரைஞாணைப் பிடித்து இழுத்தார்கள். சனி பிடிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இப்படிக் கயிற்றைப் பிடித்து இழுப்பார் என்று யாரும் சொன்னதில்லை. மோதிரம் முதுகுப் பக்கம் ஓடி விறைத்து நின்றது. கயிறு தொந்தியை அறுத்தது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் வாத்தியார் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். பாறை உடைக்கிற மாதிரி மெஷின் சத்தம் போட்டது.

சத்தம் நின்று அவள் குரல் கேட்டது. "சார், டிஃப்யூஷன் படத்துல இடுப்பு எலும்புகிட்ட ஒரே கறுப்பா இருக்கு. நரம்பே தெரியல."

செத்தோம் என்று முடிவு செய்துவிட்டேன். வெளியே இழுத்ததும், "கலாவதியக் கூப்பிடும்மா" என்று அழுதேன். வாசலில் வந்து நின்றவளிடம், "தோட்டத்த வித்துராத, புள்ளைய நல்லாப் படிக்க வையி" என்று கடைசி வார்த்தைகளை ஆரம்பித்தேன்.

கலாவதி ஒன்றையும் காதில் வாங்கவில்லை. கூடம் முழுக்கக் கேட்கும்படி, "அழுகைய நிறுத்துங்க. அந்தச் சனி மோதிரத்தக் கழட்டிட்டுத்தான போனீக?" என்றாள்.

காத்திருந்த நோயாளிகள் அத்தனை பேரும் வலியை மறந்து திரும்பினார்கள். முருகேஸ்வரி என்னை வெளியறைக்குக் கூட்டிவந்து ஒரு கத்தரிக்கோலை நீட்டினாள். "நீங்களே அறுத்துருங்க சார். அன்னைக்கு என் கையில இருந்த தாயத்து எங்க ஆத்தா கட்டுனது. வீட்டுல போயி அடி வாங்குனேன்." அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவமானத்தில் கயிறு கத்தரிக்குள் சிக்காமல் இரண்டு தடவை நழுவியது. எட்டாம் வகுப்பில் அவளுக்கும் இப்படித்தான் நழுவியிருக்கும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. "தப்புதாம்மா" என்றேன். மோதிரத்தைச் சொல்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, தலையை ஆட்டினாள்.

மறுபடி எடுத்த படம் சுத்தமாக வந்தது. நரம்பு அழுந்தித்தான் இருக்கிறது, பெரிய சேதமில்லை, கத்தி வேண்டாம், உடற்பயிற்சி போதும் என்றார் டாக்டர். அறிவியல் ஜெயித்தது என்று நான் நிமிர்ந்தபோது, கலாவதி உறையிலிருந்து இன்னொரு படத்தை உருவினாள். கெட்டுப்போன முதல் படத்தையும் முருகேஸ்வரி குறும்பாக அச்செடுத்துப் போட்டிருந்தாள். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த கலாவதி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மோதிரம் இருந்த மட்டும் சனீஸ்வரன் கறுப்பா ஒக்காந்திருக்காரு. கழட்டுனதும் எறங்கிப் போயிட்டாரு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

இன்று அந்தப் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள், எங்கள் பூஜையறையில் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் அதற்கு நல்லெண்ணெய் விளக்கு. சுருளிப்பட்டி மச்சினன் முதுகுவலிக்கு அதை ஒரு வாரம் இரவல் கேட்டான். காந்தம், உலோகம், படக்கோளாறு என்று நான் கத்த ஆரம்பித்தேன்.

"அவுக அப்படித்தான் பேசுவாக" என்றாள் கலாவதி. "தெனம் உடற்பயிற்சிக்குப் பாய விரிக்கிறது அந்தப் படத்துக்கு முன்னாலதான்."

அந்த அறையில் காற்றோட்டம் அதிகம். வேறு காரணம் எதுவும் இல்லை.