மயில்கழுத்துச் சேலை விஷயமாக மச்சானுக்கு

கோச்சடை,
புதன்கிழமை.

பேரன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் முத்திருளன் அவர்களுக்கு, உங்கள் தங்கை கனகலட்சுமியின் கணவன் அழகுபாண்டி கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் மூவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் பொய் எழுதிப் பழக்கமில்லை. அங்கே நீங்களும் தங்கச்சி முனீஸ்வரியும் காது குத்திக்கொண்ட பேரனும் சுகம்தானே? கொடிக்காலில் வெற்றிலை நன்றாக வந்திருக்கும் என்று நம்புகிறேன். போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து மண்டபத்தில், அத்தனை சொந்தபந்தத்துக்கும் முன்னால், "திவ்யா கல்யாணத்துக்கு வேற மாமனைப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டீர்கள். வேறு மாமனுக்கு நான் எங்கே போவேன் மச்சான்? கனகத்தோடு கூடப்பிறந்தது நீங்கள் ஒருவர்தானே. தை பிறந்தால் கல்யாணம். தாய்மாமன் மாலை போடாமல் பெண்ணை மேடையேற்றினால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? அவர்களை விடுங்கள், என் மகள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

எல்லாம் அந்தப் பீரோவால் வந்தது. எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் சீராகக் கொடுத்த அதே பீரோ. நான் தோளைக் கொடுத்து முட்டி நிற்க, திவ்யா சாவியைத் திருப்பினால்தான் பூட்டும்; திறந்தால் துணி மூஞ்சியில் வந்து விழும். டெப்போவில் டைம்கீப்பராக இருந்தவரை அதைப் பற்றி எனக்குக் கவலை இருந்ததில்லை. ரிட்டயர்டு ஆனவன் சும்மா இருக்கலாம் அல்லவா? செல்போனில் ஒரு பெண், பீரோவைக் காலி செய், ஒரு வருஷம் உடுத்தாததைக் கழித்துவிடு, மிச்சத்தை நிறம் பார்த்து அடுக்கு என்று அழகாகச் சொன்னாள். கனகம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் பழங்காநத்தம் போயிருந்த நேரம், எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டினேன். என் முழங்காலுக்கு மேல் ஏறாத பேண்ட்டுகள், கரை மட்டும் மிஞ்சிய வேட்டிகள், திவ்யாவின் எல்.கே.ஜி. யூனிபார்ம். அந்தச் சின்ன யூனிபார்மைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது, ஒன்றையும் கழிக்க மனசு வரவில்லை. கடைசியில் நான் தூக்கிப் போட்டது சேலை வந்த அட்டைப்பெட்டிகளை மட்டும்தான். சேலைகளை நீலம், பச்சை, சிவப்பு என்று வரிசையாக அடுக்கிவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தேன்.

கனகம் வந்து பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் ஒரு முறை இருந்திருக்கிறது மச்சான். விசேஷங்களில் உங்கள் பக்கத்தார் வைத்துக் கொடுத்த சேலையெல்லாம் மேல் தட்டு, என் பக்கத்தார் கொடுத்தது நடுத்தட்டு. அவர்கள் கொடுத்ததை இவர்களுக்கு, இவர்கள் கொடுத்ததை அவர்களுக்கு. பிரிக்காத சேலை மடிப்புக் கலையாமலே போய்விடும், கொடுத்தவர் வீட்டுக்கே திரும்பிப் போகாது. "இது யாரு குடுத்தது, அது யாரு குடுத்ததுன்னு இனி எந்தச் சாமிகிட்டங்க போய்க் கேப்பேன்?" என்று அழுதாள். நான்தான் பெரிய இவனாட்டம், "இம்புட்டுத்தானே, நான் கண்டுபிடிச்சுத் தாரேன்" என்று நீல வரிசையிலிருந்து அந்த மயில்கழுத்துச் சேலையை உருவி, இது எங்க பேயாண்டிச் சித்தப்பா வீட்டில் கொடுத்தது என்று சத்தியமே செய்தேன். அவளும் நம்பி, மேலே தெரிந்த மூலையில் மஞ்சளைத் தொட்டு வைத்து எடுத்து வந்தாள்.

அப்புறம் நடந்ததுதான் உங்களுக்கே தெரியுமே. மைக்கில் எங்கள் பேரைச் சொன்னார்கள், தங்கச்சி ஆசையாகச் சேலையைப் பிரித்தது. ஒரு மூலையில் கனகம் வைத்த ஈர மஞ்சள், இன்னொரு மூலையில் தங்கச்சியே எப்போதோ வைத்த காய்ந்த மஞ்சள். "அண்ணே, திவ்யா சடங்குக்கு நாங்க வச்சுக் குடுத்ததை எங்களுக்கே குடுக்குறீகளா?" என்றது. அதோடு விட்டதா? மூன்றாவது மூலையில் குங்குமம். "பாருங்க, நடுவுல இன்னொரு வீட்டுக்கும் போயிட்டு வந்திருக்கு!" என்று சேலையை வீசியதில் அது என் கறிச்சோற்று இலைக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. சத்தியமாக நாங்கள் அதை வேறு எந்த வீட்டுக்கும் கொடுக்கவில்லை. அந்தக் குங்குமம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. என் சத்தியத்துக்கு இப்போது என்ன மதிப்பு என்பதும் தெரியும்.

அன்றிலிருந்து கனகம் என்னோடு பேசுவதில்லை. "உங்கப்பாவைத் திங்கச் சொல்லு" என்று திவ்யா வழியாகத்தான் சோறு வருகிறது. துணியெல்லாம் மறுபடி கட்டிலில் கிடக்கிறது, நாங்கள் ஹாலில் படுக்கிறோம். நேற்று திவ்யா, "மாமா வரலைன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்ப்பா" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போனாள். தப்பு முழுக்க என்னுடையது, கனகத்துக்கு இதில் பங்கே கிடையாது. என்னை வையுங்கள், நாலு பேர் பார்க்க அடிக்கக்கூடச் செய்யுங்கள். மாலையை மட்டும் நீங்கள் போடுங்கள். தங்கச்சியிடமும் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். பேரனுக்குக் காது சீக்கிரம் ஆற எங்கள் குலசாமியை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இனி எந்தப் பீரோவையும் தொடாத,
அழகுபாண்டி

பி.கு.: மச்சான், கவரை ஒட்டப் போகையில் கனகம் நேராக என்னிடமே வந்து, "அந்தச் சேலையை இங்க தாங்க" என்றாள். குங்குமத்தைப் பார்த்தாள். பார்த்தவள் சிரிக்க ஆரம்பித்தவள்தான், இன்னும் நிறுத்தவில்லை. உங்கள் புது வீட்டுப் பால்காய்ப்பு அன்று எங்கள் வீட்டில் மஞ்சள் டப்பா காலியாம். அவசரத்துக்குக் குங்குமத்தைத் தொட்டு வைத்து, தங்கச்சிக்கு இவள்தான் இந்தச் சேலையைக் கொடுத்தாளாம், கடையில் இவளே எடுத்தது, வருஷக்கணக்கானதில் மறந்தே போயிற்றாம். அதைத்தான் நீங்கள் மடிப்பைப் பிரிக்காமல், வேறு மூலையில் மஞ்சளை வைத்து, திவ்யா சடங்குக்கு எங்களுக்கே திருப்பியிருக்கிறீர்கள், நாங்களும் பிரிக்காமல் பீரோவில் சொருகியிருக்கிறோம். ஆகையால் மேலே கேட்ட மன்னிப்பை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முறைப்படி இப்போது கோபப்பட வேண்டியவர்கள் நாங்கள். கல்யாண வேலை கிடப்பதால் அதற்கு நேரமில்லை என்கிறாள் கனகம். சேலையை இந்தக் கடிதத்தோடு சோழவந்தான் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். இன்னும் ஒரு மூலை காலியாக இருக்கிறது. தங்கச்சியை அதில் மஞ்சள் வைக்கச் சொல்லி, தாய்மாமன் சீராக நீங்களே கொண்டு வாருங்கள். மறுவீட்டுக்கு அதைத்தான் கட்டுவேன் என்கிறாள் திவ்யா.